பைக்கில் லேசான ஆயில் கசிவு: எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பதும் சரிசெய்வதும்

கேள்வி இதுதான். ஐந்து வருடம் ஓடிய, ஏர் கூல்டு, ஒற்றை சிலிண்டர் 150 சிசி பைக். இரவு சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் காலையில் இன்ஜினுக்கு அடியில், இடது பக்கமாக, ஒரு காசு அளவுக்கு ஆயில் கறை. ஆயில் மட்டம் பெரிதாகக் குறையவில்லை. ஒரு மெக்கானிக் கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம் இறுக்கிக் கொடுத்தும் நிற்கவில்லை. இன்னொருவர் இன்ஜினை முழுக்கப் பிரித்து கேஸ்கட் செட் (உலோகப் பாகங்கள் சேரும் இடத்தில் ஆயில் வராமல் அடைக்கும் தாள்கள்) மாற்ற வேண்டும் என்கிறார். பிரிக்கத்தான் வேண்டுமா?

வேண்டியிருக்காது என்பதுதான் என் கணிப்பு. நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு, வெளியிலிருந்தே கழற்றி மாற்றக்கூடிய நாலைந்து பொருட்களில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஆனால் எது என்று உறுதியாகத் தெரியும்வரை எதையும் மாற்றாதீர்கள், எதையும் இறுக்காதீர்கள். இந்த வேலையில் கஷ்டமே கண்டுபிடிப்பதுதான். ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டால் மீதி பெரும்பாலும் அரை நாள் வேலை, சில சமயம் பத்து நிமிஷம்.

இறுக்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏற்கெனவே ஒருவர் அதைச் செய்திருக்கிறார். இன்ஜின் கவர்களில் இருப்பவை பெரும்பாலும் 6 மி.மீ. போல்ட்டுகள். அவற்றுக்குத் தேவை 10 நியூட்டன் மீட்டர் அளவிலான இறுக்கம்தான். மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே வந்துவிடும். அவை இறங்கியிருப்பது அலுமினியத்தில். நீளமான ஸ்பேனர் போட்டு இழுத்தால் மரை கழன்று கையோடு வரும், அல்லது கவர் போல்ட்டுக்குப் பக்கத்தில் அமுங்கி, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் மேலெழும்பும். அப்போது இல்லாத லீக்கும் வரும். நிஜமாகவே தளர்ந்திருக்கும் போல்ட்டை இறுக்கலாம், அதில் தவறில்லை. இறுக்கமாக இருப்பதை இன்னும் இறுக்கி நின்ற லீக்கை நான் பார்த்ததில்லை.

சரி, தேடலை ஆரம்பிப்போம். கறை உண்மையில் இன்ஜின் ஆயில்தானா? இதைக் கேட்காமலேயே சீல் (தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வாங்கப் போகிறவர்கள் நிறையப் பேர். ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றி எடுத்துப் பாருங்கள். இன்ஜின் ஆயில் பழுப்பிலிருந்து கறுப்புவரை இருக்கும், விரலில் வழவழவென்று ஓடும். செயினுக்கு அடிக்கும் லூப்ரிகன்ட் என்றால் பிசுபிசுப்பாக, மண்ணும் இரும்புத் துகளும் கலந்து, இழுத்தால் நூல் வரும். இடது பக்கத்தில்தான் முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) இருக்கிறது என்பதால் உங்கள் விஷயத்தில் இது முக்கியம். செயினுக்குத் தாராளமாக ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் இருந்தால் ஸ்ப்ராக்கெட் கவருக்குள் அது கட்டிகட்டியாகச் சேர்ந்து, வெயிலில் இளகி, கீழே சொட்டும். பிரேக் ஃப்ளூயிட் தண்ணீரில் கலந்துவிடும், பெயின்ட்டை அரிக்கும். பெட்ரோல் நிற்காமல் ஆவியாகிவிடும், வாசனையே சொல்லிவிடும். இன்னொன்று: ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் தொங்கும் சின்ன டிரெயின் குழாய். இன்ஜினுக்குள் இருக்கும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக வரும் ஆயிலும் தண்ணீரும் அதில் சேரும். அது நிரம்பி வழிந்தால் அசல் லீக் போலவே தெரியும். மூடியைக் கழற்றிக் காலி செய்தால் கதை முடிந்தது.

இன்ஜின் ஆயில்தான் என்று உறுதியானால், அடுத்து மனதில் வைக்க வேண்டியது இது. சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஆயில் ஃபின்களின் (இன்ஜினைக் குளிர்விக்கும் தகடுகளின்) மேல் வழிந்து, கவர் விளிம்பைப் பிடித்து ஊர்ந்து, இன்ஜினின் தாழ்வான ஏதோ ஒரு மூலைக்கு வந்துதான் சொட்டும். பெரும்பாலான பைக்குகளில் அந்தத் தாழ்வான மூலையில் பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் இருக்கும், அதனால்தான் செய்யாத குற்றத்துக்கு அது அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. ஓடும்போது காற்று வேறு ஆயிலைப் பின்னால் தள்ளும். எனவே ஈரமான இடங்களில் எது மேலே இருக்கிறது, எது முன்னால் இருக்கிறது என்று பாருங்கள். கசிவு அங்கேயோ, அதற்குக் கொஞ்சம் மேலேயோதான் இருக்கும்.

ஐந்து வருட அழுக்கு மேல் இதைப் பார்க்க முடியாது. இன்ஜினை நன்றாகக் கழுவியாக வேண்டும். ஆறியபிறகு டிகிரீசரோ மண்ணெண்ணெயோ பிரஷ்ஷில் தொட்டு, எல்லா இடுக்கிலும் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாட்டரை சீல், கனெக்டர், பிரீதர் பக்கம் காட்ட வேண்டாம். ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றி உள்ளேயும் சுத்தம் செய்யுங்கள். உங்களுக்கு இதுதான் மிக முக்கியமான இடம். இந்தச் சுத்தம் செய்யும் வேலையை அரைகுறையாகச் செய்தால் அடுத்த நாள் பார்க்கும் ஈரம் பழையதா புதியதா என்று தெரியாது, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். கடைசியாக, பிரேக் கிளீனர் போலப் படிவு விடாமல் காயும் ஏதாவது ஒன்றைத் துணியில் நனைத்துத் துடைத்துவிட்டால், ஜாயின்டுகளைச் சுற்றி உலோகம் உலர்ந்துவிடும். ரப்பர் மேலும் பிளாஸ்டிக் மேலும் அதை நேராக அடிக்காதீர்கள்.

இப்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஒரு சோதனை. பைக்குக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, முன் சக்கரம் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு, ஒரு ராத்திரி சென்டர் ஸ்டாண்டில் விடுங்கள். அடுத்த ராத்திரி சைடு ஸ்டாண்டில். சைடு ஸ்டாண்டில் பைக் இடது பக்கம் சாயும், உள்ளே இருக்கும் ஆயிலும் இடது பக்கம் ஒதுங்கும். நிமிர்ந்து நிற்கும்போது ஆயில் மட்டத்துக்கு மேலே இருந்த ஒரு சீல், சாய்ந்தபிறகு ஆயிலில் மூழ்கிவிடும். சென்டர் ஸ்டாண்டில் அட்டை சுத்தமாக இருந்து, சைடு ஸ்டாண்டில் மட்டும் கறை விழுந்தால், இடது பக்கம் தாழ்வாக இருக்கும் சீல்களில் ஒன்றுதான் குற்றவாளி. இரண்டிலும் விழுந்தால் டிரெயின் போல்ட் போன்ற இன்னும் தாழ்வான இடம். இரண்டிலும் விழாமல், ஓட்டிவிட்டு வந்தால் மட்டும் ஈரமாகிறது என்றால் ஆயில் அழுத்தத்தோடு போகும் இடமோ, உள்ளே தெறித்து நனையும் மேல்பகுதியோ. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையிலேயே சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

அப்புறம் பவுடர். முகத்துக்குப் போடும் சாதாரண டால்கம் பவுடர் போதும். உலர்ந்த இன்ஜின் மேல், ஜாயின்டுகள், சீல்களைச் சுற்றி, மெல்லிய பிரஷ்ஷால் தூவுங்கள். ஐந்து பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் முதலில் கருக்கும் இடம்தான் மூலம். ரொம்ப தூரம் ஓட்டினால் எல்லாமே நனைந்து மறுபடி குழம்பிவிடும், அதனால் குறைவாக ஓட்டி அடிக்கடி பாருங்கள். கசிவு மிகமிக மெதுவாக இருந்தால் ஆயிலில் கலக்கும் ஃப்ளோரசென்ட் சாயம் கிடைக்கிறது. புற ஊதா டார்ச் அடித்தால் கசிந்த கோடு பளிச்சென்று மின்னும். உங்கள் அளவு லீக்குக்கு பவுடரே போதும்.

சீலைக் கழற்றுவதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம் பார்த்தாக வேண்டும். ஒன்று, ஆயில் அளவு அதிகமாக இருக்கிறதா? பைக்கை நேராக நிமிர்த்தி, உங்கள் மேனுவல் சொல்லும் விதத்திலேயே பாருங்கள். டிப்ஸ்டிக் உள்ள பல பைக்குகளில் குச்சியை மரையில் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தாலும் தப்பான அளவுதான் கிடைக்கும். இரண்டாவது, பிரீதர் குழாய். பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் கிராங்க் கேஸுக்குள், அதாவது இன்ஜினின் அடிக்கூட்டுக்குள், இருக்கும் காற்று அமுங்குகிறது. அது வெளியேறும் வழி பிரீதர்தான். குழாய் மடங்கியோ, மண் அடைத்தோ, டேங்கைக் கழற்றி மாட்டும்போது எங்காவது நசுங்கியோ இருந்தால், அந்த அழுத்தம் இருப்பதிலேயே பலவீனமான சீலைத் தேடிப் போகும். நல்ல சீலே கசியும். புது சீல் போட்டாலும் கசியும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடத்தில் ஈரம் தெரிந்தால் சீல்களைக் குறை சொல்லாமல் பிரீதரைப் பாருங்கள். பிரீதர் திறந்திருந்தும் அதன் வழியாகப் புகை மண்டிக்கொண்டு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது வேறு கதை, உங்கள் அறிகுறிகளில் அது இல்லை.

இனி இடது பக்கம். என் பந்தயம் கியர் ஷாஃப்ட் சீல் மேல். கியர் லீவர் மாட்டியிருக்கும் தண்டு இன்ஜினுக்குள்ளிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் சீல் இருக்கும். செயின் வாரி இறைக்கும் மண் முழுவதும் அதன் உதட்டில்தான் படியும். வருடக்கணக்கில் மண்ணோடு உரசி உதடு தேய்ந்து, ரப்பரும் சூட்டில் காய்ந்து கடினமாகிவிடும். கியர் போடும்போது லீவரை லேசாக ஆட்டிப் பாருங்கள். தண்டைச் சுற்றிப் புது ஆயில் வளையம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பெரும்பாலான பைக்குகளில் இதை வெளியிலிருந்தே மாற்றலாம். லீவரையும் கவரையும் கழற்றி, தண்டைப் பளபளவென்று துடையுங்கள். துரு இருந்தால் மிக நைஸான எமரித் தாளால் மெதுவாக எடுங்கள். பழைய சீலை வளைந்த கொக்கியால் நெம்பி எடுக்கலாம். தண்டையும், சீல் உட்காரும் அலுமினிய வளையத்தையும் கீறக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. தண்டைப் பிடித்து வெளியே இழுக்காதீர்கள். சில இன்ஜின்களில் அது நகர்ந்தால் உள்ளே இருக்கும் வாஷரோ ஸ்பிரிங்கோ இடம் மாறிவிடும், பிறகு வலது பக்கத்தில் கிளட்ச் கவரையே திறக்க வேண்டி வரும். ஆயில் மாற்றும் சமயத்தில், பழையதை வடித்தபிறகு இந்த வேலையை வைத்துக்கொண்டால் சிந்தாது.

புது சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மி.மீ. கணக்கு. பழையதில் இருந்த அதே எண்கள் இருக்கிறதா பாருங்கள். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து, அதாவது இன்ஜினுக்கு உள்ளே பார்த்து இருக்க வேண்டும். தண்டின் நுனியில் இருக்கும் பற்கள் சீலின் உதட்டைக் கிழித்துவிடும். அதனால் நுனியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ டேப்பையோ சுற்றி, அதன் மேல் சீலை வழுக்கவிடுங்கள். சரியான அளவு சாக்கெட் ஒன்றை வைத்து, சுற்றிச் சமமாகத் தட்டி இறக்குங்கள். பழைய சீல் உரசிய இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருந்தால், இடமிருக்கும் பட்சத்தில் புதியதை ஒரு மி.மீ. வெளியேயோ உள்ளேயோ தள்ளி உட்காரவைத்தால் உதடு புது இடத்தில் படும். மெக்கானிக்குகள் பலர் இதைச் செய்வதில்லை, பிறகு “சீல் டூப்ளிகேட்” என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

கியர் ஷாஃப்ட் காய்ந்திருந்து, ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் ஈரம் என்றால் அவுட்புட் ஷாஃப்ட் (ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கும் தண்டு) சீல். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பல பைக்குகளில் சீல் நேராக ஷாஃப்டைப் பிடிப்பதில்லை. ஷாஃப்ட் மேல் காலர் என்ற ஒரு உலோக வளையம் இருக்கும், சீல் அந்தக் காலரைப் பிடிக்கும். காலருக்கு உள்ளே, ஷாஃப்டோடு சேரும் இடத்தில் ஓ-ரிங் என்ற ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். பெரிய சீலை மட்டும் மாற்றிவிட்டு அந்த ஓ-ரிங்கை விட்டால், சீலைத் தாண்டாமலேயே காலரின் உள்பக்கமாக ஆயில் வெளியே வந்துகொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். காலரில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் காலரையும். சில மாடல்களில் இந்தச் சீலுக்கு வெளிவிளிம்பில் ஒரு வரம்பு இருக்கும். அது கிராங்க் கேஸின் இரு பாதிகளுக்கு நடுவே மாட்டியிருக்கும். அந்த வகை என்றால்தான் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சே வரும், எனவே பாகங்களின் படத்தைப் பார்த்துவிட்டு நெம்புங்கள். செயின் ரொம்ப டைட்டாக ஓடினாலும் ஷாஃப்ட் ஒரு பக்கமாக இழுபட்டு பேரிங்கும் சீலும் சீக்கிரம் தேயும். சீல் திரும்பத் திரும்பப் போனால் செயின் தொய்வையும், ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள்.

அதே ஸ்ப்ராக்கெட் கவருக்குள் கசியக்கூடிய இன்னும் இரண்டு: நியூட்ரல் ஸ்விட்சின் ஓ-ரிங், சில பைக்குகளில் கிளட்ச் புஷ் ராடு (கிளட்சைத் தள்ளும் கம்பி) சீல். இரண்டும் சின்ன வேலை. மின்சாரம் தயாரிக்கும் மேக்னட்டை மூடும் கவரிலிருந்து வயர் வெளியே வரும் ரப்பர் அடைப்பும் கசியும். அது மேல்பக்கமாக இருப்பதால் வழிந்து வந்து கீழே இருப்பதைப் பழிக்கு ஆளாக்கும். சில சமயம் ஆயில் வயரின் உறைக்கு உள்ளேயே ஊர்ந்து போய் தூரத்தில் கனெக்டரில் எட்டிப் பார்க்கும். முதல்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

டிரெயின் போல்ட். ஆயில் மாற்றிய சில நாளில் கசிவு ஆரம்பித்தது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். தாமிர அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கி உட்கார்ந்துவிட்டால் மறுமுறை அதே போல அடைக்காது. புது வாஷர் போட்டு, இரண்டு பக்கத்தையும் துடைத்து, மேனுவல் சொல்லும் டார்க் (இறுக்கும் திருகு விசை) அளவில் இறுக்குங்கள். பல பைக்குகளில் அது 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும். அதற்குமேல் இழுத்து மரை போனால் புது மரை இன்செர்ட் போட வேண்டியதுதான். டெஃப்லான் டேப் சுற்றுவது வேண்டாம். அடைக்க வேண்டியது வாஷர், மரை இல்லை. டேப் துண்டு உள்ளே போனால் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெயினரில்தான் போய் உட்காரும்.

மேக்னட் கவர், கிளட்ச் கவர் கேஸ்கட்டுகளில் செய்முறையைவிடப் பொறுமைதான் தேவை. போல்ட்டுகளின் நீளம் ஒன்றுக்கொன்று மாறும். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளை போட்டு, போல்ட்டைக் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைத் தவறான துளையில் போட்டு இறுக்கினால் கேஸிலேயே விரிசல் விழும். கவர் வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அந்த ஒரு கீறலே அடுத்த லீக். ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டினால் விடும். பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் சுரண்டி, டவல் பின்கள் (கவரைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் சின்ன உலோகக் குச்சிகள்) இடத்தில் இருக்கின்றனவா பார்த்து, புதியதை வைத்து, எதிரெதிர் போல்ட்டாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

மேலே, இன்ஜின் உச்சியில் வால்வுகளை மூடும் டேப்பெட் கவர் கசிந்தால் ரப்பர் கேஸ்கட்டைவிட அதன் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்களை முதலில் சந்தேகப்படுங்கள். அவை காய்ந்து மெலிந்தால் கவர் அழுத்தம் இல்லாமல் மிதக்கும். சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் டைமிங் செயின் டென்ஷனரையும் (உள்ளே வால்வுகளை இயக்கும் செயினைத் தொய்யாமல் வைக்கும் பாகம்) விட்டுவிடாதீர்கள். அங்கே கசிந்தால் ஆயில் பின்பக்கமாக வழிந்து கேஸின் மேல் குளமாக நின்று, ஓட்டத்தில் பின்னால் பரவும், பார்ப்பவர் சிலிண்டர் அடி கேஸ்கட் என்று முடிவு கட்டிவிடுவார். உங்கள் இரண்டாவது மெக்கானிக் சொன்னதுகூட இப்படி வந்ததாக இருக்கலாம். டென்ஷனரின் கேஸ்கட்டுக்கு இரண்டே போல்ட். ஆனால் கழற்றும் முறை மாடலுக்கு மாடல் மாறும். டென்ஷனரை உள்ளே மடக்காமல் அப்படியே திரும்ப மாட்டி இறுக்கினால் டைமிங் செயின் கெட்டுவிடும். கழற்றியிருக்கும்போது இன்ஜினைச் சுற்றவும் கூடாது.

லிக்விட் கூல்டு பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் கூலன்ட் வந்தால் உள்ளே மெக்கானிக்கல் சீல் போயிற்று, ஆயில் வந்தால் ஆயில் சீல். துளையை அடைத்துவிடாதீர்கள், அது உங்களுக்குச் சொல்வதற்காகவே விட்ட துளை.

சிலிகான் பேஸ்ட் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. வெளியே இருந்து கசியும் இடத்தின் மேல் பூசுவது வேலையே இல்லை. ஆயில் ஈரத்தின் மேல் அது ஒட்டாது. உள்ளே பூசினால், பிதுங்கும் அளவுக்குப் போட்ட பேஸ்ட் உதிர்ந்து ஸ்ட்ரெயினரையோ ஆயில் வழியையோ அடைக்கும், அப்போது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஆயில் போகாமல், வால்வுகளைத் திறக்கும் கேம் தேயும். மேனுவல் சொல்லும் இடத்தில் மட்டும், ஒரு மெல்லிய கோடாக, எண்ணெய் துளியும் இல்லாத உலோகத்தில் போட்டு, பாக்கெட்டில் சொன்ன நேரம் காயவிட்டால் அது நல்ல பொருள். லீக்கை நிறுத்தும் என்று ஆயிலில் ஊற்றும் திரவங்களையும் நான் சேர்க்கமாட்டேன். அவை ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும், அவ்வளவுதான். காகித கேஸ்கட்டுக்கும் நசுங்கிய வாஷருக்கும் அதனால் பயனில்லை. இன்ஜின் ஆயிலிலேயே கிளட்ச் மூழ்கியிருக்கும் பைக்கில் தேவையில்லாத பொருளைக் கலப்பானேன்?

சரிசெய்யாமல் ஓட்டலாமா என்று கேட்டால், ஜாயின்டைச் சுற்றித் தூசி ஒட்டும் அளவுக்கு ஈரம், சொட்டு இல்லை என்றால் வாரம் ஒருமுறை ஆயில் மட்டம் பார்த்துக்கொண்டு அடுத்த ஆயில் சர்வீஸ் வரை ஓட்டலாம். உங்கள் வகை இன்ஜினில் மொத்த ஆயிலே சுமார் 1 லிட்டர்தான், அதனால் பார்ப்பதை மறக்காதீர்கள். ஆனால் பின் டயரிலோ பிரேக்கிலோ ஆயில் படுகிறது என்றால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். உங்கள் கசிவு ஸ்ப்ராக்கெட் பக்கம் என்பதால் டயரின் இடது ஓரத்தைத் தினமும் தொட்டுப் பாருங்கள். சைலன்சர் குழாய் மேல் சொட்டிப் புகை வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். பிரேக் பேடில் ஆயில் ஊறியிருந்தால் கழுவி மாட்டாமல் மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்தபிறகு சில நாட்களுக்கு ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் பதறி சீலைத் திரும்பப் பிடுங்காதீர்கள். ஸ்ப்ராக்கெட் கவரின் இடுக்குகளில் தங்கிய பழைய ஆயில் சூட்டில் இளகி வரும். துடைத்துவிட்டு, மறுபடி பவுடர் தூவி, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, புது சீலைச் சுற்றி மட்டும் வெள்ளை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.